குளிரில் வேர்த்த நெற்றி

என் மகளுக்கு நான்கு மாதம் ஆனபோது தை பிறந்திருந்தது. எங்கள் மலையில் அது பனிக்காலம். காலை ஒன்பது மணிக்கும் முற்றத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் காப்பிச் செடிகள் கண்ணுக்குத் தெரியாது. நான் ஸ்வெட்டரின் மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு, விறகடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவளுக்குப் பால் கொடுப்பேன். அந்தக் குளிரில் அவளுக்கு வேர்த்தது. முதலில் நெற்றியில் ஒரு மினுமினுப்பு வரும். பிறகு துளிகள் சேர்ந்து புருவத்துக்கு இறங்கும். தலைமுடி நனைந்து என் முழங்கையில் ஒட்டிக்கொள்ளும்.

அடுப்புச் சூடுதான் காரணம் என்று நினைத்து உள்ளறைக்குப் போய்க் கொடுத்துப் பார்த்தேன். அங்கும் வேர்த்தது. கம்பளித் தொப்பியைக் கழற்றினேன், ஒரு சட்டையைக் குறைத்தேன். அப்போதும் வேர்த்தது. பால் குடிக்கும் விதமும் ஒரு மாதிரியாக இருந்தது. பசியோடு ஆவேசமாக வந்து பிடிப்பாள். கொஞ்ச நேரம் குடிப்பாள். உடனே விட்டுவிட்டு, ஓடி வந்தவள் போல மூச்சு வாங்குவாள். அப்படியே கண் செருகித் தூங்கிவிடுவாள். கீழே கிடத்திய சற்று நேரத்தில் பசித்து அழுவாள்.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்குப் பால் பற்றவில்லை என்றார்கள். கண்ணேறு என்றார்கள். பக்கத்துத் தோட்டத்து அக்கா மிளகாயும் உப்பும் கொண்டுவந்து சுற்றிப் போட்டுவிட்டுப் போனார். சளி என்று மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். யாரும் எதையும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு மட்டும் அந்த வேர்வை மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது.

நான் மலையில் பிறந்தவள் இல்லை. சேலத்துப் பெண். படித்து முடித்து ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பில் வேலைக்குச் சேர்ந்தேன். சுற்றுலா வருகிறவர்களுக்கு விற்கச் சொல்லி மிளகுப் பொட்டலங்களைக் கொண்டுவந்து கொடுப்பார் ஒருவர். மலைமேலேயே வாழவந்திப் பக்கம் அப்பாவோடு காப்பியும் மிளகும் பார்த்துக்கொண்டிருந்தவர். ஒவ்வொரு முறையும், "ஒண்ணே ஒண்ணு கடிச்சுப் பாருங்க, அப்பறம் சொல்லுங்க" என்று என் கையில் ஒரு மிளகை வைப்பார். நான் கடித்துவிட்டுக் கண்ணில் தண்ணீரோடு தலையாட்டுவேன். அவரைக் கல்யாணம் செய்துகொண்டதற்குப் பெரிய காரணம் எதையும் என்னால் சொல்ல முடியாது. அந்த மிளகைக் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார், அதுதான்.

அவருடைய அம்மா அவர் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அவரையும், கைக்குழந்தையாக இருந்த தங்கையையும் என் மாமனாரே தனியாக வளர்த்தார். ஆகையால் எங்கள் வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டுவது மாமனாரின் வேலை. குரங்குக் குல்லாவும் மஃப்ளருமாக வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, பேத்தியைக் கால்மேல் போட்டு வெந்நீர் ஊற்றுவார். கை நடுங்காது. குளிப்பாட்டி முடிக்கும் வரை அவளோடு பேசிக்கொண்டே இருப்பார். அந்த மாதம் ஒருநாள் துண்டால் துவட்டும்போது அவர் பேச்சு நின்றது.

"அம்மிணி, இங்க வா. புள்ள விலாவப் பாரு."

ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்குக் கீழே தோல் உள்ளே இழுத்தது. அவள் அழவில்லை. எங்களைப் பார்த்துச் சிரிக்கத்தான் பார்த்தாள்.

சளி என்று தள்ளிப்போட்டிருந்த தடுப்பூசி அந்த வாரம் இருந்தது. ஊசி போட வந்த நர்ஸிடம் காட்டினேன். எடை போட்டுப் பார்த்தார். போன முறைக்கும் இந்த முறைக்கும் எடை ஏறவே இல்லை. சட்டையைத் தூக்கிவிட்டு, போனில் நேரம் பார்த்துக்கொண்டு அவள் மூச்சை எண்ணினார். பிறகு ஊசியை எடுத்த பெட்டியிலேயே திருப்பி வைத்தார்.

"பால் குடிக்கறப்ப வேர்க்குதாங்க?"

நான் சொல்லாமலே அவர் அதைக் கேட்டார். "ஆமாங்க. நொம்ப வேர்க்குதுங்க."

"இன்னிக்கு ஊசி வேண்டாம். நேரா ஏற்காடு ஆஸ்பத்திரிக்குப் போங்க. நாளைக்கின்னு தள்ளாதீங்க."

என் கணவர் மிளகு மரத்தில் இருந்தார். சில்வர் ஓக் மரத்தில் கொடியேற்றியிருப்போம். ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, பனை உயரத்துக்கு ஏறிப் பறிப்பார். கீழிருந்து கூப்பிட்டேன். இறங்கி வந்து, கையில் இருந்த மிளகுக் கறையைக்கூடக் கழுவாமல் வண்டியை எடுத்தார்.

ஏற்காட்டில் இருந்தவர் மிக இளைய டாக்டர். குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை. அறையில் பேசிக்கொண்டிருந்தவர்களை வெளியே போகச் சொன்னார். மறுபடி கேட்டார். அடுத்து வயிற்றைத் தொட்டுத் தொட்டு, வலப்பக்கம் விலாவுக்குக் கீழே பேனாவால் சின்னதாக ஒரு கோடு போட்டார். ஈரல் அவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது, இந்த வயதில் அது அங்கே இருக்கக் கூடாது என்றார். எக்ஸ்ரே வந்ததும் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எங்களுக்குக் காட்டினார். நெஞ்சுக் கூட்டில் பாதிக்குமேல் வெள்ளையாக ஒன்று நிறைந்திருந்தது.

"இதுதான் இதயம். இதுல பாதி அளவுதான் இருக்கணும். உங்க குழந்தைக்கு இருக்கறது சளி இல்லைங்க. நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன்."

அன்று சனிக்கிழமை. கீழேயிருந்து கார்கள் வரிசையாக மலையேறிக்கொண்டிருந்தன. வளைவுகளில் குடும்பம் குடும்பமாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் ஊளையிட்டுக்கொண்டு அவர்களுக்கு நடுவே இறங்கியது. என் கணவர் ஆக்ஸிஜன் முகமூடியைக் குழந்தையின் மூக்கருகே பிடித்துக்கொண்டிருந்தார். வண்டி ஒவ்வொரு வளைவிலும் சாய, அவர் உடம்பு முழுக்கச் சாயும். அந்தக் கை மட்டும் அசையாது. மரத்தின் உச்சியில் பிடித்துப் பழகிய கை.

சேலத்தில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். மூக்கில் பாலுக்கு ஒரு குழாய், புறங்கையில் மருந்துக்கு ஒரு குழாய். உடம்பில் தேங்கிய நீர் பிரிய ஊசி போட்டார்கள். அன்று மாலையே மூச்சு கொஞ்சம் தணிந்தது. அவளைப் பார்த்துக்கொண்ட இதய மருத்துவர் ஒரு பெண். குள்ளமாக இருப்பார், புடவைக்குக் கீழே ஓடுகிறவர்கள் போடும் ஷூ போட்டிருப்பார், ஓயாமல் பேசுவார். எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கும்போது என் மகளிடம், "கண்ணு, சாமி, இப்படித் திரும்பு, ஆஹா, இது யாரு இவ்வளவு அழகா வந்து படுத்திருக்கறது" என்று பேசிக்கொண்டே கருவியை நகர்த்துவார். படம் பார்த்து முடித்ததும் எங்களிடம் திரும்பி உட்கார்ந்தார்.

கையை முஷ்டியாக மூடி மூடித் திறந்து காட்டினார். "நம்ம இதயம் இப்படித்தாங்க அமுங்கி அமுங்கி விரியணும். அமுங்கறப்பதான் ரத்தம் உடம்புக்குப் போகும். இவளுக்குத் தசை பலவீனமா இருக்கு. பெருசா விரிஞ்சு கிடக்குது, அமுங்கறது கம்மி. பால் குடிக்கறதுதான் இந்த வயசுல குழந்தைக்குப் பெரிய உழைப்பு. நாம மூட்டை தூக்கறப்ப வேர்க்குதில்ல, அந்த மாதிரிதான் இவளுக்கு வேர்த்துது."

அதைக் கேட்டதும்தான் நான் அழுதேன். தினமும் எட்டு, பத்து முறை அவளை மூட்டை தூக்க வைத்துக்கொண்டிருந்தோமே என்றிருந்தது. என் நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொண்டு, குடி கண்ணு, குடி கண்ணு என்று கெஞ்சியிருக்கிறேன்.

கார்டியோமையோபதி என்று பெயர் சொன்னார். என் கணவர் அதை மூன்று நாள் மனப்பாடம் செய்தார். மறுநாளே பஸ்ஸில் வந்துவிட்ட மாமனார் 'தசை நோவு' என்றே சொல்லிக்கொண்டார். பெயர் தெரிந்ததோடு வேலை முடியவில்லை. தசை ஏன் இப்படி ஆனது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சில காரணங்கள் இருந்தால் முழுக்கச் சரி செய்துவிடலாம் என்றார் டாக்டர்.

"மலையில இருக்கறவங்க. பனிக்காலம். குழந்தைக்கு வெயில் படுதா?"

"போர்த்தித்தாங்க வெச்சிருப்போம்."

"அப்படின்னா சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி-யும் குறைஞ்சு இப்படி ஆகியிருக்கலாம். அப்படி இருந்தா நல்லது. மருந்து குடுத்தா இதயம் பழையபடி ஆயிடும்."

அன்று முழுக்க என் மகளுக்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எந்தத் தாயாவது அப்படி வேண்டுவாளா? ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சுண்ணாம்புச் சத்து சரியாக இருந்தது. அடுத்தது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் பிறவியிலேயே இடம் மாறி முளைத்திருக்கிறதா என்று பார்த்தார்கள். அப்படி இருந்தால் ஆபரேஷன் செய்து சரியாக்கலாமாம். குழாய் அதன் இடத்தில்தான் இருந்தது. கிருமி தாக்கியதற்கான அறிகுறி உண்டா என்று தேடினார்கள், அதுவும் இல்லை. உடம்பு சத்துகளை எரிக்கும் விதத்தில் ஏதும் பிறவிக் குறை இருக்கிறதா என்று பார்த்தார்கள். அதிலும் எல்லாம் சரி. நர்ஸ் வந்து "நார்மல்" என்று சொல்லும்போதெல்லாம் நாங்கள் இருவரும் தலை குனிந்துகொள்வோம். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு எங்களைப் பார்த்தால் விசித்திரமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் டாக்டர் எங்கள் குடும்பத்தைப் பற்றிக் கேட்க உட்கார்ந்தார். முதல் நாளே சுருக்கமாகக் கேட்டிருந்தார், இப்போது விவரமாக.

"சொந்தத்துல கல்யாணமா?"

"இல்லீங்க."

"ரெண்டு பேர் வீட்லயும் சின்ன வயசுல யாராவது இறந்திருக்காங்களா?"

"எங்கம்மாங்க" என்றார் என் கணவர். "அவங்களுக்கு இழுப்புங்க. இழுப்பு வந்து போயிட்டாங்க."

"இழுப்புன்னா? எப்படி இருக்கும் அவங்களுக்கு?"

அவருக்குத் தெரியவில்லை. அப்போது அவருக்கு ஐந்து வயது. என்னைப் பார்த்தார். நான் வெளியே போய் மாமனாரை அழைத்துவந்தேன். வராந்தா பெஞ்சில் குல்லாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், டாக்டர் அறைக்குள் வந்து உட்காராமல் நின்றார். டாக்டர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டதும்தான் உட்கார்ந்தார்.

"அய்யா, உங்க வீட்டம்மா எப்படி இறந்தாங்கன்னு சொல்றீங்களா? ஞாபகம் இருக்கற வரைக்கும் சொன்னாப் போதும்."

"ஞாபகம் இல்லாமயா இருக்குமுங்க." அவர் என்னையும் என் கணவரையும் பார்க்காமல் டாக்டரை மட்டும் பார்த்துச் சொன்னார். "ரெண்டாவது புள்ள பொறந்ததுல இருந்து அவளுக்கு மூச்சு வாங்கும். கொடத்தத் தூக்கிட்டு மேட்டுல ஏறுனா நடுவுல நிப்பா. கால் ரெண்டும் வீங்கிப் போச்சு. படுக்க முடியாதுங்க. செவுத்துல சாஞ்சு உக்காந்துக்கிட்டேதான் தூங்குவா. இழுப்புக்குன்னு சொல்லிக் கசாயம் வெச்சுக் குடுத்தோம். கீழ இட்டுக்கிட்டுப் போலாம்னு ஜீப்புக்குச் சொல்லியிருந்தேன். ஜீப்பு வர்றதுக்குள்ள போயிட்டாளுங்க."

டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு, "அய்யா, அது இழுப்பா இருந்திருக்காது. அவங்களுக்கும் இந்தத் தசை நோயா இருந்திருக்கும்னு தோணுது" என்றார்.

"அப்ப அவ சில்லுப்புல போகலீங்களா?"

"இல்லைங்க."

"அந்த வருஷம் ஊட்டுக் கூரை ஒழுகுச்சுங்க. ஓடு மாத்தணும்னு சொல்லிட்டே இருந்தா. காப்பிய வித்துட்டு மாத்தலாம்னு இருந்தேன். அந்த ஈரத்துலதான் அவளுக்கு இழுப்பு வந்துச்சுன்னு..."

டாக்டர் மேசைமேல் முன்னால் சாய்ந்தார். "வீடு காரணமே இல்லைங்கய்யா. கூரையும் காரணமில்லை, குளிரும் காரணமில்லை. புது ஓடு போட்டிருந்தாலும் இது வந்திருக்கும்."

"இன்னொருக்கா சொல்லுங்க" என்றார் மாமனார்.

டாக்டர் அவசரப்படாமல் இன்னொரு முறை சொன்னார். மாமனார் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். குல்லாவை எடுத்து மாட்டிக்கொண்டு, கழற்றி, மறுபடி மாட்டினார். அவர் அழுது நான் அன்றும் பார்க்கவில்லை, அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. ஆனால் அன்று வெளியே போய் இரண்டு டீ வாங்கிக் குடித்தார் என்று என் கணவர் சொன்னார். ஒன்று முடிந்ததும் இன்னொன்று. எப்போதும் பாதி டீயோடு எழுந்துவிடுகிறவர் அவர்.

அன்று மதியமே எங்கள் இருவருக்கும் எக்கோ எடுக்கலாம் என்றார் டாக்டர். குடும்பத்தில் தசை நோய் இருந்தால் அப்பா அம்மாவையும் பார்ப்பது வழக்கமாம். என் கணவர் சிரித்தார். "நான் மரம் ஏறறவனுங்க. எனக்கென்னங்க?"

"ஏறுங்க, யாரு வேண்டாம்னா. ஒரு பத்து நிமிஷம் படுத்துட்டு ஏறுங்க."

முதலில் என்னைப் படுக்க வைத்தார். ஜெல் சில்லென்று இருந்தது. கருவியை நெஞ்சில் வைத்ததும் வழக்கம்போல் பேச ஆரம்பித்துவிட்டார். லாட்ஜில் எந்த ஊர்க்காரர்கள் அதிகம் வருகிறார்கள், மலைவாழைப்பழம் இப்போது கிடைக்கிறதா, அவருடைய மாமியாருக்கு ஏற்காட்டு ஆரஞ்சுதான் பிடிக்கும், இப்படி. "உங்க இதயம் நல்லா இருக்குங்க, எழுந்துக்குங்க" என்று என் கையில் டிஷ்யூ காகிதத்தைக் கொடுத்தார்.

அடுத்து என் கணவர் படுத்தார். சட்டையைக் கழற்றக் கூச்சப்பட்டார். பெண் டாக்டர் முன்னால் வெறும் உடம்போடு படுத்துக்கொண்டு மேலே மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் கருவியை வைத்துக்கொண்டே, "மிளகு இந்த வருஷம் எப்படிங்க?" என்று கேட்டார். இவர் பதில் சொன்னார். அதற்கு டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. கருவியை நகர்த்தினார். ஒரு இடத்தில் நிறுத்தி அளந்தார். மறுபடி அதே இடத்துக்கு வந்து அளந்தார். அறையில் இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அம்மாள் பேச்சை நிறுத்தியதைக் கண்டே எனக்குத் தெரிந்துவிட்டது.

குழந்தைக்கு இருக்கும் அளவுக்கு இல்லை, ஆனால் அவருக்கும் இதயம் கொஞ்சம் விரிந்திருக்கிறது, தசையின் வலு குறைந்திருக்கிறது என்றார் டாக்டர். மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார். போன வருஷத்திலிருந்து கொஞ்சம் என்றார் அவர். வயதாகிறது என்று நினைத்துக்கொண்டாராம். அவருக்கு அப்போது முப்பத்து மூன்று.

"இப்ப தெரிஞ்சது நல்லதுங்க" என்றார் டாக்டர். "தெரியாம இருந்து, ஒருநாள் மரத்து மேல ஏதாவது ஆகியிருந்தா? உங்க பொண்ணுதான் உங்களை இங்க இழுத்துட்டு வந்திருக்கா."

என் கணவர் வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். படியில் ஏறி இறங்குகிறவர்களுக்காக இருவரும் ஒதுங்கி ஒதுங்கி உட்கார வேண்டியிருந்தது. தனக்கு நோய் என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை.

"நான்தான புள்ள அவளுக்குக் குடுத்தது" என்றார்.

"மூக்கும் நீங்கதான் குடுத்தீங்க. அந்த முறக் காதும் நீங்கதான் குடுத்தீங்க. அதுக்கெல்லாம் உக்காந்து அழுவீங்களா?"

"முறக் காதா?"

"உங்கப்பாவக் கேளுங்க. உங்க அம்மா காதாம் அது."

அவர் தன் காதைத் தொட்டுப் பார்த்தார். அம்மாவின் படம் ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை. எடுத்ததே இல்லை. அம்மாவிடமிருந்து தனக்கு என்ன வந்தது என்று அதுவரை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. படியிலேயே உட்கார்ந்து இன்னும் என்ன என்ன என்று கேட்டார். மாமனார் எனக்குச் சொல்லியிருந்ததையெல்லாம் சொன்னேன். குழந்தையைக் குளிப்பாட்டும்போது பேசுவாரே, அதில் பாதி தன் மனைவியைப் பற்றித்தான். மகனிடம் சொல்லாததைப் பேத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் துண்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் மூவரின் ரத்தத்தையும் மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். அது வர நாளாகும் என்றார்கள். அதற்குள் மருந்துகளால் குழந்தையின் மூச்சு சீராகி, ஊசிகள் குறைந்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். குணமாகிவிடும் என்று டாக்டர் சொல்லவில்லை. "சில குழந்தைங்களுக்கு நல்லாத் தேறும். சிலருக்கு மருந்தோட அப்படியே நிக்கும். சிலருக்கு மோசமாகும். இவ எந்தப் பக்கம்னு இப்பத் தெரியாது. மருந்து ஒரு வேளையும் விடாதீங்க, எடை பாருங்க, கூப்பிடுங்க" என்றார். பொய்யாகத் தைரியம் சொல்லாததால் அவரை நாங்கள் நம்பினோம்.

வீட்டில் மருந்து கொடுப்பதே ஒரு திருவிழாவாக இருந்தது. பெரியவர்களுக்கான மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் சொல்லிய அளவுக்கு இழுத்து, கன்னத்தின் ஓரமாக விட வேண்டும். அவள் துப்புவாள். அவருக்கும் அதே மாத்திரைதான், முழுதாக. எனவே இருவருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தேன். அவர் அவள் முன்னால் உட்கார்ந்து, வாயை ஆவென்று திறந்து, மாத்திரையைப் போட்டு, கண்ணை உருட்டி விழுங்கிக் காட்டுவார். அதைப் பார்த்து அவள் வாயைத் திறக்கும் சமயம் நான் சிரிஞ்சை அழுத்திவிடுவேன். மாமனார் வாசலில் நின்று, "உள்ள போச்சா?" என்பார்.

உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். நான் உப்புப் போடாமல் களி கிண்டினேன், ஒரு வாய் தின்று பார்த்து மாமனார் வட்டிலைத் தள்ளிவைத்தார். "இத மாடு திங்காது." மறுநாளிலிருந்து மிளகையும் பூண்டையும் நசுக்கி ஒரு குழம்பு வைக்க ஆரம்பித்தார். உப்பு இல்லாதது தெரியாத அளவுக்குக் காரம். என் கல்யாணத்துக்கு முந்தைய நாட்கள் ஞாபகம் வந்து, கண்ணில் தண்ணீரோடு சாப்பிட்டேன்.

மரம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதுதான் என் கணவருக்கு ஆகவில்லை. பறிக்க ஆள் வைத்தோம். இவர் கீழே நின்றுகொண்டு, "அந்தக் கொப்புல விட்டுட்ட பாரு, இடது கைப் பக்கம்" என்று கழுத்து வலிக்கக் கத்துவார். ஒருநாள் குழந்தையோடு தோட்டத்துக்குப் போனேன். ஏணி சாய்ந்திருந்தது, ஆளைக் காணோம். மேலே பார்த்தால் இலைகளுக்கு நடுவே எனக்குத் தெரிந்த ஒரு ஜோடிப் பாதம்.

"ஏனுங்க!"

பாதம் அசையவில்லை.

"எனக்குத் தெரியுமுங்க அது உங்க காலுன்னு."

"பாதிதான் ஏறினேன் புள்ள" என்று மேலிருந்து குரல் வந்தது. அவர் இறங்கியதும் நான் திட்டிய திட்டில் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வேலையை விட்டு வந்து நின்றார்கள். இடுப்பிலிருந்த குழந்தை கை காலை ஆட்டிச் சிரித்தது. அதிலிருந்து அவர் ஏறவில்லை. குறைந்தபட்சம், நான் பார்க்கும்படி ஏறவில்லை.

கோடை வந்து குளிர் விட்டபோது மரபணு முடிவு வந்திருப்பதாக டாக்டர் போனில் சொன்னார். தசையைக் கட்டும் ஒரு மரபணுவில் மாற்றம் இருக்கிறது, அப்பாவுக்கும் மகளுக்கும் அதே மாற்றம், எனக்கு இல்லை. அவருடைய தங்கையும் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். அவள் ஆத்தூரில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். "எனக்கு எதுவும் தெரிய வேண்டாம் அண்ணி, தெரிஞ்சா சோறு இறங்காது" என்று போனை வைத்துவிட்டாள். நான் விடவில்லை. மாமனாரைப் பேசச் சொன்னேன். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "கண்ணு, உங்கம்மாளுக்கு இதப் பாக்க ஆள் இல்லாமப் போச்சு. உனக்கு இருக்குது. போ சாமி" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் போனாள். அவளுக்கு அந்த மாற்றம் இல்லை, பிள்ளைகளுக்கும் வராது என்று தெரிந்தது. அன்று போனில் அவள் அழுத அழுகையில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றே முதலில் நினைத்தேன்.

என் மகளுக்கு மூன்றாவது எக்கோவிலும் பெரிய மாற்றம் இல்லை. நான்காவதில், டாக்டர் வழக்கமான பேச்சை நடுவில் நிறுத்தினார். என் கணவர் என் தோளைப் பிடித்தார்.

"என்னங்க டாக்டர்?" என்றேன்.

"இருங்க, இருங்க. நம்பாம இன்னொரு தடவை அளக்கறேன்." அளந்தார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார். எங்களுக்கு அதில் என்ன தெரியும்? கருப்பும் வெள்ளையுமாக ஏதோ திறந்து மூடிக்கொண்டிருந்தது. "பாருங்க, அமுங்குது. நல்லா அமுங்குது. முன்னாடி சோம்பேறியா ஆடிட்டுக் கிடந்துச்சில்ல? கண்ணு, என்னடி பண்ணின நீ?"

அதற்கு முன்பே வீட்டில் எங்களுக்கு அடையாளம் தெரிந்திருந்தது. களிக் கஞ்சியைக் கிண்ணம் வழித்துத் தின்ன ஆரம்பித்திருந்தாள். தவழ்ந்து போய் மாமனாரின் குல்லாவைப் பிடுங்கி அடுப்பில் போடப் பார்த்தாள். இருந்தாலும் டாக்டர் வாயால் கேட்பது வேறு. அன்று ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த ஓட்டலில் மாமனாருக்கும் சேர்த்து நெய் ரோஸ்ட் வாங்கினோம். உப்பு இருந்தது. மிச்சம் வைக்காமல் தின்றோம்.

இப்போது அவளுக்கு நான்கரை வயது. எல்.கே.ஜி. போகிறாள். ஓட்டப் பந்தயத்தில் சேர்க்க வேண்டாம் என்று ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறோம், மற்றபடி எல்லாம் உண்டு. அவள் இதயம் சாதாரண அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அவருடையது மேலும் மோசமாகவில்லை. இருவரும் மருந்தை நிறுத்தவில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சேலத்துக்கு இறங்குகிறோம். வளர்கிற வயதில் மறுபடி மாறலாம், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு காலையில் அவள் என்னையே உற்றுப் பார்த்தாள். அப்பா மாத்திரை போட்டாயிற்று, அவளும் போட்டாயிற்று, தாத்தாவும் ரத்தக் கொதிப்புக்கு ஒன்று போட்டாயிற்று.

"அம்மா, உனக்கு ஏன் மாத்திரை இல்ல?"

"எனக்கு வேண்டாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க கண்ணு."

அவளுக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. இந்த வீட்டில் எல்லோருக்கும் ஒன்று கிடைக்கிறது, அம்மாவுக்கு மட்டும் யாரும் எதுவும் கொடுப்பதில்லை. அப்பாவிடம் போய் அவர் காதில் ஏதோ சொன்னாள். இருவரும் சமையலறைக்குள் போய் டப்பாக்களைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. உள்ளங்கையை மூடிக்கொண்டு வந்தாள். திறந்தால் ஒரு உலர்ந்த திராட்சை.

"வாயத் தெற" என்றாள்.

அவள் அப்பா கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணை உருட்டி, தண்ணீர் குடித்து விழுங்கினேன். அன்றிலிருந்து தினமும் எனக்கும் ஒன்று உண்டு. திராட்சை தீர்ந்த நாளில் பொட்டுக்கடலை கொடுக்கிறாள். கடிக்கக் கூடாது, முழுங்க வேண்டும் என்பது அவள் கட்டளை. தாத்தா வாசலிலிருந்து, "உள்ள போச்சா?" என்று கேட்கிறார். "போச்சுங்க மாமா" என்று நான் சொன்ன பிறகுதான் பள்ளிக்கூடப் பையைத் தூக்குகிறாள்.